யாரைப் போய்க் கேட்பது?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

ஆண்டு விழாவில் இனிய பொருளைப் பற்றிப் பேசுவதே மரபு. சென்ற ஆண்டுகளில் இதே மேடையில் சங்க இலக்கியத்தின் பெருமையையும், சோழர் காலச் சிற்பத்தின் எழிலையும், பாரதியாரின் கனவுகளையும் கேட்டு மகிழ்ந்தோம். சற்று நேரத்தில் நம் குழந்தைகளின் நாட்டியம் தொடங்க இருக்கிறது. அதன்பின் சிற்றுண்டியும் காத்திருக்கிறது. இவற்றுக்கு நடுவே அத்துணை இனிமையில்லாத ஒரு பொருளைப் பேச நாம் எழுந்து நிற்கிறோம். பள்ளிக்கூடம், அங்கே பாடம் சொல்லும் ஆசிரியர், அவர்தம் சங்கம், அந்தப் பள்ளிக்காக நாம் எல்லோரும் செலுத்தும் வரிப்பணம் ஆகியவையே அப்பொருள். செயலாளர் அவர்கள் இருபது நிமிடம் அளித்திருக்கிறார். அதற்குள் முடித்துவிடுவோம் என்று உறுதி கூறுகிறோம்.

இப்பொருளை நமக்குத் தந்தவன் ஒரு சிறுவன். நம் சங்க நூலகத்தில் சனிக்கிழமைதோறும் தமிழ் வகுப்பு நடப்பதை அறிவீர்கள். காலனிக் குழந்தைகளோடு, சாலைக்கு அப்பால் உள்ள குடியிருப்பிலிருந்தும் சில பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களுள் ஒருவன் ஐந்தாம் வகுப்பு மாணாக்கன். தமிழ் வழியில் பயில்பவன். அவனுடைய தாயார் நம் காலனியில் நான்கு வீடுகளில் வேலை செய்பவர். அவனிடம் பாடப் புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னோம். தடையின்றி வாசித்தான். நமக்கும் மகிழ்ச்சியாக இருந்தது. நடுவில் பக்கத்தைத் திருப்பி வேறொரு பாடத்தைக் காட்டினோம். அவனோ முந்திய பாடத்தையே தொடர்ந்து சொல்லிக்கொண்டிருந்தான். அப்போதுதான் தெரிந்தது, அவன் வாசிக்கவில்லை, ஒப்பித்துக்கொண்டிருந்தான் என்பது. ஐந்து ஆண்டுகள் பள்ளிக்குச் சென்ற பிள்ளைக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியவில்லை.

மாலையில் மகனை அழைத்துப்போக வந்த அந்த அம்மையாரிடம் இதைத் தயங்கித் தயங்கிச் சொன்னோம். அவர் கோபிக்கவில்லை, வியப்படையவும் இல்லை. "ஐயா, இவன் ஒரு நாள்கூடப் பள்ளிக்கூடம் தவறினதில்லே. படிக்க மட்டும் வரல்லே. நான் யாரைப் போய்க் கேக்கட்டும்?" என்றார்.

அதற்கு நம்மிடம் விடை இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் சாக்குக்கட்டி பிடித்த கை இது. ஆசிரியர் சங்கத்திற்குத் தவறாமல் சந்தா செலுத்தியிருக்கிறோம். அதன் ஊர்வலங்களில் வெயிலில் நடந்திருக்கிறோம். அப்படியிருந்தும் ஒரு தாயின் எளிய கேள்விக்கு மறுமொழி சொல்ல நா எழவில்லை. அன்று சொல்ல இயலாததைத்தான் இன்று உங்கள்முன் சொல்ல முயல்கிறோம்.

அந்த அம்மையார் யாரைக் கேட்கலாம்? ஆசிரியரைக் கேட்டால், "இரண்டு வகுப்புகளை நான் ஒருவனே பார்க்கிறேன், நடுவில் மூன்று வாரம் வாக்காளர் பட்டியல் வேலைக்குப் போய்விட்டேன்" என்பார். அதிகாரியைக் கேட்டால், "ஆசிரியர் நியமனம் என் கையில் இல்லை, தவறு செய்தவரை இடம் மாற்றினாலோ சங்கத்தார் வாசலில் வந்து நிற்கிறார்கள்" என்பார். சங்கத்தாரைக் கேட்டால், "அரசாங்கம் முதலில் பணம் ஒதுக்கட்டும்" என்பர். அரசாங்கத்தைக் கேட்டால், "ஆண்டுதோறும் ஒதுக்கீட்டை உயர்த்தி வருகிறோம், பெற்றோர்தாம் அக்கறை காட்டவேண்டும்" என்று விடை வரும். பெற்றோரோ, "யாரைக் கேட்பது?" என்கிறார். இவ்வாறு கேள்வி சுற்றிச் சுற்றித் தொடங்கிய இடத்திற்கே வந்து சேர்கிறது. ஒவ்வொருவர் கூற்றிலும் ஓரளவு உண்மை இருப்பதால்தான் இந்தச் சுற்று முடிவதே இல்லை. ஆகவே ஒவ்வொன்றையும் நடுநிலையோடு ஆராய்வோம்.

முதலில் ஆசிரியர் சங்கம். சங்கம் என்ற சொல்லைக் கேட்டாலே நம் வீடுகளில் இன்று முகம் சுளிக்கிறோம். வேலை நிறுத்தமும் கோஷமும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால், அச்சங்கங்கள் ஏன் தோன்றின என்பதை மறத்தல் ஆகாது. பழங்காலத்து ஆசிரியர் தியாகிகளாக வாழ்ந்தனர் என்று பெருமையோடு கூறுகிறோம். உண்மைதான். புனா பெர்குஸன் கல்லூரியில் மாதம் 75 ரூபாய் ஊதியத்தில் இருபது ஆண்டுகள் பணியாற்ற உறுதி பூண்ட அறிஞர்களுள் கோபால கிருஷ்ண கோகலேயும் ஒருவர். அவர்களை வணங்குகிறோம். ஆயினும், தாமே விரும்பி ஏற்பதுதான் தியாகம். நிர்வாகி சுமத்தினால் அதற்குப் பெயர் வேறு.

கேரளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே தனியார் பள்ளிகள் பலவற்றில் ஆசிரியர் ஒரு தொகைக்குக் கையொப்பமிட்டு, அதனினும் குறைந்த தொகையைப் பெற்றுச் சென்ற காலம் ஒன்று உண்டு. 1957-ஆம் ஆண்டில் கல்வி அமைச்சராக இருந்த ஜோசப் முண்டசேரி கொண்டுவந்த கல்வி மசோதா, ஆசிரியர் ஊதியத்தை அரசாங்கமே நேராக வழங்க வகை செய்தது. அதில் கருத்து வேற்றுமைக்கு இடமான வேறு பகுதிகளும் இருந்தன. குடியரசுத் தலைவர் அதனைச் சுப்ரீம் கோர்ட்டின் கருத்துக்கு அனுப்பினார். திருத்தங்களுடன் 1959-இல் அது சட்டமாயிற்று. அதனையொட்டியும் எழுந்த பெருங்கிளர்ச்சியின் முடிவில், அவ்வாண்டு ஜூலை 31-ஆம் நாள் அமைச்சரவையே நீக்கப்பட்டது. உத்தரப் பிரதேசத்தில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியரின் ஊதியத்திற்குச் சட்டப் பாதுகாப்பு 1971-இல்தான் கிட்டிற்று. இன்று உதவி பெறும் பள்ளியின் ஆசிரியர் ஒருவருக்கு மாத ஊதியம் முழுமையாக வந்து சேர்கிறதென்றால், அது தானே கனிந்து மடியில் விழுந்த கனி அன்று.

அந்தப் போராட்டம் முடிந்துவிட்டதென்றும் சொல்வதற்கில்லை. 1990-களிலிருந்து பல மாநிலங்கள் நிலையான ஆசிரியர்க்குப் பதிலாகக் குறைந்த ஊதியத்தில் ஒப்பந்த ஆசிரியரை அமர்த்தத் தொடங்கின. உத்தரப் பிரதேசத்தில் 'சிக்ஷா மித்ரர்' எனப்பட்டோர் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோர். அவர்களை நிலையான ஆசிரியராக்கியது செல்லாது என்று 2017-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. பீகாரில் ஏறத்தாழ மூன்றரை லட்சம் ஆசிரியர்கள் சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டனர். 2019-இல் அக்கோரிக்கையும் ஏற்கப்படவில்லை. ஒரே பள்ளியில், ஒரே பாடத்தை, இருவர் இருவேறு ஊதியத்திற்குச் சொல்லிக்கொடுக்கும் நிலை இவ்வாறு உருவாயிற்று. இத்தகையோருக்காகக் குரல் கொடுக்கச் சங்கமன்றி வேறு யார் உளர்?

இது ஒரு பக்கம். மறுபக்கத்தையும் நாமே சொல்லவேண்டும்; பிறர் சொன்னால் பகையாகத் தோன்றும்.

நாம் பணியாற்றிய பள்ளி ஒன்றில் சக ஆசிரியர் ஒருவர் இருந்தார். ஊரும் பெயரும் வேண்டா. அவருக்குச் சொந்தத் தொழில் ஒன்று இருந்தது. காலையில் வருகைப் பதிவேட்டில் கையொப்பமிடுவார். பிற்பகலில் அவர் நாற்காலியில் அவருடைய கைப்பைதான் அமர்ந்திருக்கும். பெற்றோர் சிலர் துணிந்து மனுக் கொடுத்தனர். அதிகாரி அவரை இடம் மாற்றினார். உடனே நம் கிளைச் சங்கம் கூடிற்று. 'பழிவாங்கும் மாற்றம்' என்று கண்டனத் தீர்மானம் எழுதப்பட்டது. அறையில் இருந்த ஒவ்வொருவருக்கும் உண்மை தெரியும். நமக்கும் தெரியும். ஆயினும் கையொப்பமிட்டோம். இன்று அவருக்கு நேர்ந்தது நாளை நமக்கும் நேரலாம் என்ற அச்சம் ஒன்று. கூட்டத்தில் ஒருவராக எழுந்து மறுக்கும் துணிவின்மை மற்றொன்று. மாற்றம் ரத்தாயிற்று. மனுக் கொடுத்த பெற்றோர் மீண்டும் அப்பள்ளி வாசலில் நின்று கேள்வி கேட்டதை நாம் பார்த்ததில்லை. அக்கையொப்பத்தை நினைக்கும்தோறும் இன்றும் நாணுகிறோம்.

ஆசிரியர்க்கு அரசியல் அமைப்பிலேயே தனிக் குரல் உண்டு என்பதைப் பலர் அறியார். சட்ட மேலவை உள்ள மாநிலங்களில், அதன் உறுப்பினருள் ஏறத்தாழப் பன்னிரண்டில் ஒரு பங்கினரை ஆசிரியரே தேர்ந்தெடுக்கிறார்கள். மகாராஷ்டிரம், கர்நாடகம், உத்தரப் பிரதேசம், பீகார், ஆந்திரப் பிரதேசம், தெலங்கானா ஆகிய ஆறு மாநிலங்களில் இம்முறை நடைபெறுகிறது. உயர்நிலைப் பள்ளிக்குக் குறையாத நிலையங்களில் கற்பிப்போருக்கே இவ்வாக்குரிமை. தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு இல்லை. ஆசிரியர் தொகுதி உண்டு. பெற்றோர் தொகுதி என ஒன்று எங்கும் இல்லை. ஒரு பக்கம் இவ்வளவு வலிமை இருக்கும்போது, அவ்வலிமை எதற்காகப் பயன்படுகிறது என்று கேட்பது நியாயமே. ஊதியத்திற்கும் ஓய்வூதியத்திற்கும் பயன்படுவது தவறன்று. வகுப்பறைக்கும் அது பயன்படுகிறதா என்பதே வினா.

ஆசிரியர் பள்ளிக்கு வருவதில்லை என்ற குற்றச்சாட்டை அடிக்கடி கேட்கிறோம். 2003-ஆம் ஆண்டில் இருபது மாநிலங்களில் 3,700 பள்ளிகளை ஆய்வாளர்கள் முன்னறிவிப்பின்றிச் சென்று பார்த்தனர். நான்கில் ஓர் ஆசிரியர் பள்ளியில் இல்லை. பாடம் நடத்திக்கொண்டிருந்தோர் ஏறத்தாழப் பாதிப் பேரே. இது நம்மைத் தலைகுனியச் செய்யும் செய்தி. ஆனால், 2017-இல் அசீம் பிரேம்ஜி அறக்கட்டளையினர் ஆறு மாநிலங்களில் 619 பள்ளிகளை ஆராய்ந்தபோது, காரணமின்றி வாராதவர் நூற்றுக்கு 2.5 பேரே எனக் கண்டனர். மற்றும் பலர் முறையான விடுப்பிலோ, பயிற்சியிலோ, வேறு அலுவலிலோ இருந்தனர். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். குற்றவாளி என்று விரல் நீட்டத்தக்கவர் சிலரே. ஆயினும், நாற்காலி வெறுமையாக இருக்கும்போது அதன் காரணம் எதுவாயினும் குழந்தைக்கு நட்டம் ஒன்றுதான்.

அந்த வெறுமைக்கு அரசாங்கமும் பொறுப்பாளி. 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், மக்கள்தொகைக் கணக்கு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிர வேறு பணிக்கு ஆசிரியரை அனுப்பலாகாது என்கிறது. வாக்காளர் பட்டியல் திருத்தம் போன்ற வேலைகளை விடுமுறை நாட்களிலும் பாடம் நடவாத நாட்களிலுமே ஆசிரியரிடம் ஒப்படைக்கவேண்டும் என்று 2007-இலேயே சுப்ரீம் கோர்ட் கூறியிருக்கிறது. அதே கல்வி உரிமைச் சட்டம், ஒரு பள்ளியின் காலிப் பணியிடங்கள் நூற்றுக்குப் பத்தை மீறலாகாது என்கிறது. ஆயினும், 2024-25 கல்வியாண்டின் அரசாங்கக் கணக்குப்படி, நாட்டில் ஒரே ஆசிரியரைக் கொண்ட பள்ளிகள் 1,04,000-க்கு மேல். அத்தகைய பள்ளியில் ஆசிரியருக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்தால் பள்ளிக்கே காய்ச்சல் வந்த மாதிரிதான்.

பொறுப்பைக் கேட்பதிலும் நம் அரசாங்கங்களுக்குப் பழக்கமான வழி ஒன்றுண்டு. அது இன்னொரு படிவத்தை அச்சிடுவது. மத்தியப் பிரதேசத்தில் பள்ளிகளை மதிப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் முன்னேற்றத் திட்டம் தீட்டும் முறை ஒன்று செயற்படுத்தப்பட்டது. கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங் என்னும் பொருளியல் அறிஞர் இருவர் அதன் பயனை ஆராய்ந்து 2020-இல் வெளியிட்டனர். மதிப்பீடுகள் நடந்தன, திட்டங்கள் எழுதப்பட்டன, தாள்கள் ஒழுங்காக மேலே சென்றன. கற்பித்தலிலும், குழந்தைகள் கற்றதிலும் மாற்றம் எதுவும் தென்படவில்லை. தாளில் மட்டும் நடக்கும் மேற்பார்வை தாளோடு முடிந்துவிடுகிறது.

தகுதித் தேர்வைப் பற்றியும் ஒரு சொல். 2025 செப்டம்பர் முதல் நாளில் சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பு வழங்கியது. ஓய்வு பெற ஐந்தாண்டுக்கு மேல் உள்ள, பணியிலிருக்கும் ஆசிரியரும் இரண்டு ஆண்டுகளுக்குள் தகுதித் தேர்வில் தேறவேண்டும் என்பது அதன் சாரம். ஆசிரியர் சங்கங்கள் பலவும் எதிர்ப்புத் தெரிவித்தன. இருபது ஆண்டுகள் கற்பித்தவரைத் திடீரெனத் தேர்வு மண்டபத்தில் அமர்த்துவது முறையா என்ற அவர்கள் வினாவில் நியாயம் இருக்கிறது. ஆனால் தாயின் இடத்தில் நின்று பாருங்கள். "இத்தேர்வு வேண்டா என்றால், எங்கள் பிள்ளைகள் கற்கிறார்கள் என்பதற்கு நீங்கள் தரும் உறுதி யாது?" என்று அவர் கேட்டால், சங்கத்திடம் விடை இருக்கவேண்டும். 'வேண்டா' என்பதோடு, 'இதற்குப் பதில் இது' என்றும் சொல்லும் சங்கமே மக்கள் மதிப்பைப் பெறும்.

இனிப் பணத்திற்கு வருவோம். இப்பொருளில் நாம் வாழும் இந்த மராட்டிய மண்ணுக்கு நீண்ட மரபு உண்டு. 1882-இல் ஹண்டர் கமிஷன்முன் மகாத்மா ஜோதிராவ் புலே ஒரு விண்ணப்பம் அளித்தார். உழவன் செலுத்தும் வரியால் கருவூலம் நிறைகிறது. அப்பணமோ மேல்வகுப்பார் பிள்ளைகளின் உயர்கல்விக்குச் செல்கிறது. உழவன் பிள்ளைக்குத் தொடக்கப் பள்ளிகூட இல்லை என்பது அவர் முறையீடு. பன்னிரண்டு வயது வரையேனும் கட்டாயக் கல்வி வேண்டும் என்றார். அதோடு நில்லாமல், தொடக்கப் பள்ளி ஆசிரியர் பயிற்சி பெற்றவராகவும் போதிய ஊதியம் உடையவராகவும் இருத்தல் வேண்டும் என்றார். எந்தப் படிக்கு முதலில் செலவிடுவது, ஆசிரியரிடம் எதை எதிர்பார்ப்பது, அவருக்கு எதைக் கொடுப்பது என்ற மூன்றையும் அவர் ஒன்றாகவே வைத்துப் பேசினார். நாம்தான் பின்னர் அவற்றைத் தனித்தனியே பிரித்துச் சண்டையிடுகிறோம்.

1911-இல் கோகலே கட்டாயத் தொடக்கக் கல்வி மசோதாவைக் கொண்டுவந்தார். மறு ஆண்டு அது 13-க்கு 38 வாக்குகளால் தோற்றது. சுதந்திர இந்தியாவின் அரசியல் சட்டம், பத்து ஆண்டுகளுக்குள் பதினான்கு வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி தர முயலவேண்டும் என்றது. அந்தக் கெடு 1960-இல் முடிந்தது. சட்டம் நடைமுறைக்கு வந்ததோ 2010-இல். 1964 முதல் 1966 வரை ஆராய்ந்த கோத்தாரி கமிஷன், தேசிய வருமானத்தில் நூற்றுக்கு ஆறு பங்கு கல்விக்குச் செல்லவேண்டும் என்றது. 1968-இன் கல்விக் கொள்கையும் அவ்வாறே கூறிற்று. 2020-இன் கல்விக் கொள்கையும் அதையே திரும்பக் கூறிற்று. அரை நூற்றாண்டுக்கு மேலாக ஒரே வாக்குறுதியைப் புதுப்பித்துக்கொண்டே வருகிறோம் என்றால், அதனை நிறைவேற்றவில்லை என்பதுதானே பொருள்?

நாம் கொடுக்கவில்லையா? கொடுக்கிறோம். 2004-இல் வரியின்மேல் நூற்றுக்கு இரண்டு எனக் கல்வி செஸ் விதிக்கப்பட்டது, 2007-இல் மூன்றாயிற்று, 2018 முதல் சுகாதாரத்தையும் சேர்த்து நான்காயிற்று. இக்காலனியில் சம்பளம் வாங்கும் ஒவ்வொருவர் கணக்கிலும் அது பிடிக்கப்படுகிறது. நம் மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. அவற்றுள் நம் தமிழும் ஒன்று. 2025-26-ஆம் ஆண்டுக்கு அது கல்விக்காக ஒதுக்கியது 3,900 கோடி ரூபாய்க்கு மேல். ஆகவே, 'எங்கள் பிள்ளை அங்கே படிக்கவில்லை, எங்களுக்கு என்ன?' என்று நாம் சொல்வதற்கில்லை. பிள்ளையை அனுப்பாவிட்டாலும் பணத்தை அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறோம்.

பள்ளிச் செலவில் பெரும்பகுதி ஊதியத்திற்கே செல்லும். அது இயல்பு, ஆசிரியரின்றிப் பள்ளி இல்லை. மீதி உள்ளதில் எதற்கு முதலிடம் என்பதே கேள்வி. திறப்பு விழா நடத்தத்தக்க செலவுகளுக்கு எப்போதும் ஆதரவு உண்டு. கட்டடம், கணினித் திரை, வண்ணம் தீட்டிய வாயில் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். இரண்டாம் வகுப்புக் குழந்தை ஒன்று எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டதற்கு யாரும் திறப்பு விழா நடத்துவதில்லை. ஆனால் மற்ற எல்லாம் அதன்மேல்தான் நிற்கின்றன. 2024-ஆம் ஆண்டில் நம் நாட்டுக் கிராமங்களில் எடுத்த 'அசர்' கணக்கின்படி, அரசுப் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்புப் படிப்போருள் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க வல்லவர் நூற்றுக்கு ஏறத்தாழ 45 பேரே. நம் நூலகத்திற்கு வந்த சிறுவன் தனி ஒருவன் அல்லன்.

இதற்கு வழி உண்டா? உண்டு, அதுவும் இம்மும்பையிலேயே காணப்பட்டது. 2001 முதல் 2003 வரை, மும்பையிலும் வதோதராவிலும் 'பிரதம்' அமைப்பினர் 'பால்சகி' என்னும் பெயரில் அக்கம்பக்கத்து இளம்பெண்களைப் பள்ளிகளில் அமர்த்தினர். மூன்று, நான்காம் வகுப்புகளில் பின்தங்கிய பிள்ளைகள் பதினைந்து இருபது பேரை அவர்கள் தனியே அழைத்து, நாள்தோறும் இரண்டு மணி நேரம் அடிப்படை வாசிப்பும் கணக்கும் சொல்லிக் கொடுத்தனர். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலியோர் அதனை ஆராய்ந்தபோது, பிள்ளைகளின் தேர்ச்சி தெளிவாக உயர்ந்திருந்தது. செலவோ மிகச் சிறிது. இதைக் காட்டி, 'நிலையான ஆசிரியர் எதற்கு, சில நூறு ரூபாயில் முடித்துவிடலாமே' என்பார் உளர். அது தவறான பாடம். பின்தங்கிய பிள்ளைக்கென்று நேரமும் ஆளும் ஒதுக்கினால் அப்பிள்ளை கற்கும் என்பதே சரியான பாடம். பாடநூலை முடிக்க ஓடும் ஆசிரியருக்கு அந்த நேரத்தை அளிப்பது அரசாங்கத்தின் கடமை. அளித்தபின் அதைப் பயன்படுத்துவது ஆசிரியரின் கடமை.

எனவே, ஊதியம், செலவு, மேற்பார்வை எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோல் வைப்போம். மூன்றாம் வகுப்பு முடியும்போது குழந்தை பொருள் உணர்ந்து வாசிக்கிறதா? மத்திய அரசாங்கமே 2021-இல் 'நிபுண் பாரத்' திட்டத்தைத் தொடங்கி, 2026-27-க்குள் இதனை எய்தவேண்டும் என்று குறித்தது. அரசாங்கம் ஒரு ரூபாயைச் செலவிடும்போதும், சங்கம் ஒரு தீர்மானம் எழுதும்போதும், அதிகாரி ஒரு பள்ளிக்குள் நுழையும்போதும் இவ்வொரு கேள்வியை முதலில் கேட்கட்டும்.

இதுவரை பிறரைச் சொன்னோம். இனி நம்மைப் பற்றி.

மாதுங்காவிலும் செம்பூரிலும் குடியேறிய நம் முன்னோர், பிள்ளைகளின் படிப்புக்காக வயிற்றைக் கட்டி வாழ்ந்தவர்கள். வசதி வந்ததும் நாம் நம் பிள்ளைகளைக் கட்டணப் பள்ளிகளுக்கு மாற்றினோம். இதைக் குற்றமாகக் கூறவில்லை. நம் வீட்டிலும் அதுவே நடந்தது. ஆயினும், மனு எழுதத் தெரிந்தவரும், அதிகாரியின் அறைக்குள் தயங்காமல் நுழையத் தெரிந்தவரும் பொதுப் பள்ளியை விட்டு அகன்றனர். எஞ்சியவர், காலை ஐந்து மணிக்கே வேலைக்குப் புறப்படும் தாய்மார். கேள்வி கேட்க நேரமுள்ளவருக்கு அங்கே பிள்ளை இல்லை. பிள்ளை உள்ளவருக்கு நேரமில்லை.

சட்டம் அத்தாய்மார்க்கு ஓர் உரிமையை அளித்திருக்கிறது. அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலும் மேலாண்மைக் குழு இருக்கவேண்டும். அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்கவேண்டும். பள்ளி நடைபெறும் விதத்தையும், மானியம் செலவாகும் விதத்தையும் பார்ப்பது அக்குழுவின் வேலை. ஆனால் உரிமை ஏட்டில் இருந்தால் போதாது. உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில், இதற்கு முந்திய கிராமக் கல்விக் குழுக்களை ஆராய்ந்தபோது, பெற்றோரில் பெரும்பாலோர் அக்குழு இருப்பதையே அறியவில்லை. குழுவின் உறுப்பினருள்ளும் பலர் தாம் உறுப்பினர் என்பதை அறியவில்லை. கூட்டம் கூட்டித் தெரிவித்ததால் மட்டும் பள்ளி மாறிவிடவுமில்லை. ஊர் இளைஞர் முன்வந்து நடத்திய வாசிப்பு வகுப்புக்குச் சென்ற பிள்ளைகளே முன்னேறினர்.

ஆகவே, நம் சங்கத்தின்முன் மூன்று வேண்டுகோளை வைக்கிறோம்.

முதலாவது, சனிக்கிழமை வகுப்பு நாள்தோறும் மாலை ஒரு மணி நேர வாசிப்பு வகுப்பாகட்டும். சாலைக்கு அப்பாலுள்ள பிள்ளைகளுக்கே அதில் முதலிடம். ஓய்வு பெற்றோர் இங்கே பலர் இருக்கிறோம். கல்லூரி மாணவரும் இருக்கிறார்கள். ஆளுக்கு வாரத்தில் ஒரு மாலை போதும்.

இரண்டாவது, நம் வீடுகளில் வேலை செய்யும் தாய்மார் குழுக் கூட்டத்திற்குச் செல்லும் நாளில் அவர்களுக்குச் சம்பளத்தோடு விடுப்புக் கொடுப்போம். அவர்கள் விரும்பினால் முன்னதாக உடனிருந்து, தாள்களைப் படித்துச் சொல்லுவோம். நான்கு கேள்விகள் போதும். அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் எத்தனை, இருப்பவர் எத்தனை? இவ்வாண்டு எத்தனை நாள் ஆசிரியர் வேறு பணிக்குப் போனார்? மாணாக்கர் தொகைக்கு ஏற்ப 10,000 ரூபாய் முதல் 1,00,000 ரூபாய் வரை வரும் ஆண்டு மானியம் எதற்குச் செலவாயிற்று? மூன்றாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் வாசிக்கிறார்கள்? இவை குற்றம் சாட்டும் கேள்விகள் அல்ல. முதல் இரண்டும் ஆசிரியருக்கே துணையாக நிற்பவை.

மூன்றாவது, இந்த அவையில் இருக்கும் ஆசிரியர்களுக்கு. ஊதியத்திற்காக நீங்கள் ஊர்வலம் போகும் நாளில் நாம் வாசலில் நின்று வாழ்த்துவோம். அவ்வூர்வலத்தின் கோரிக்கைப் பட்டியலில், பின்தங்கிய பிள்ளைக்கான தனி நேரத்தையும் ஒன்றாகச் சேருங்கள். நாற்காலியில் கைப்பையை வைத்துவிட்டுப் போகிறவருக்காகத் தீர்மானம் வந்தால், நாம் செய்த தவற்றை நீங்கள் செய்யாதீர்கள். அக்கையொப்பத்தை மறுப்பது சங்கத்துக்குத் துரோகம் ஆகாது. சங்கத்தைக் காப்பாற்றுவது அதுவே.

அச்சிறுவன் இப்போதும் வருகிறான். எழுத்துக் கூட்டத் தொடங்கியிருக்கிறான். 'கப்பல்' என்ற சொல்லைப் படிக்கச் சென்ற வாரம் நெடுநேரம் எடுத்துக்கொண்டான். முன்போல் தடையின்றி வாசிப்பதில்லை, தடுமாறுகிறான். அத்தடுமாற்றமே நமக்கு மகிழ்ச்சி தருகிறது. ஏனெனில் அவன் இப்போது உண்மையிலேயே படிக்கிறான்.

அவன் தாயாருக்கு அன்று சொல்லத் தவறிய விடையைச் சொல்லி முடிக்கிறோம். அம்மா, ஆசிரியரைக் கேளுங்கள். அவர் கற்பிக்கக் கடமைப்பட்டவர். அதிகாரியைக் கேளுங்கள், ஆசிரியரை வகுப்பில் வைத்திருக்க அவர் கடமைப்பட்டவர். அரசாங்கத்தைக் கேளுங்கள், உங்கள் பெயரால் அது பணம் செலவிடுகிறது. தனியே போய்க் கேட்கத் தயக்கமாக இருந்தால் எங்களை அழையுங்கள், உடன் வருகிறோம். அழைத்தும் வரவில்லையென்றால், அப்போது எங்களையும் கேளுங்கள்.

 குழந்தைகள் சலங்கை கட்டிக்கொண்டு காத்திருக்கிறார்கள். அவர்களுக்கு வழி விடுகிறோம்.